தினமும் தங்க விலையைப் பார்க்கிறேன், எப்போது நகை எடுப்பது?

கேள்வி: மகளுக்கு வருகிற தை மாதம் திருமணம் வைத்திருக்கிறோம். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அவளுக்குப் பதினைந்து பவுனில் நகை எடுத்துத் தர நானும் கணவரும் பல ஆண்டுகளாகச் சேமித்திருக்கிறோம். காலையில் கண் விழித்ததும் செல்பேசியில் விலை பார்ப்பதுதான் என் முதல் வேலை. கிராமுக்கு ஐம்பது ரூபாய் இறங்கினால் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன். மறுநாள் நூறு ரூபாய் ஏறிவிட்டால் அன்று முழுவதும் மனம் சரியில்லை. நாத்தனார் நகைச்சீட்டில் சேரச் சொல்கிறார். தம்பியோ தங்கத்தை விட்டுவிட்டு வெள்ளிக் கட்டி வாங்கு என்கிறான். மாமியார் போட்டிருந்த ஆறு பவுன் காசுமாலை ஒன்று பெட்டியில் சும்மா இருக்கிறது. அதைக் கொடுத்துப் புதிதாக எடுத்துவிடலாமா? எப்போது வாங்கினால் நல்லது என்று சொல்லுங்கள், ஐயா.
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். எப்போது வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாளில் விலை இறங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்வதாக வருகிறவரை நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் தினமும் கண் வைத்திருக்கும் அந்த எண்ணைவிட உங்கள் பணத்தை அதிகம் தின்னப்போகிற வேறோர் எண் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. அதனால்தான் இந்தப் பதில் சற்று நீளமாகிறது.

நான் வங்கிகளுக்காக நகைக்கடன் நகைகளை உரசிப் பார்த்து மதிப்புச் சொல்லும் வேலையில் இருப்பவன். நகை வாங்கும்போது உங்கள் கையில் இருப்பது கடைக்காரரின் பில். அதே நகை அவசரத்துக்கு அடகு வைக்க வரும்போது என் கையில் இருப்பது உரைகல்லும் தராசும். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பணம் காணாமல் போகிறது என்பதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பவுன் என்பது 120 கிராம். நீங்கள் காத்திருக்கும் அந்த ஐம்பது ரூபாய் இறக்கம் கிடைத்தால் மொத்தத்தில் மிச்சம் 6,000 ரூபாய். இப்போது சேதாரத்துக்கு வாருங்கள். ஒரு கடை சராசரியாகப் பதினாறு சதவீதச் சேதாரம் போடுகிறது, இன்னொரு கடை பதினொன்று போடுகிறது என்றால், அந்த ஐந்து சதவீத வித்தியாசம் 120 கிராமில் 6 கிராம். ரூபாயில் 60,000. நீங்கள் மாதக்கணக்கில் உறக்கம் கெட்டுக் காத்திருக்கும் தொகையைப் போலப் பத்து மடங்கு, ஒரே பகலில், எந்த விளக்கமும் கேட்கப்படாமல் கைமாறிவிடுகிறது.

சேதாரம் என்ற சொல் பட்டறையிலிருந்து வந்தது. ஆசாரி தங்கத்தை உருக்கி, கம்பி இழுத்து, அராவி, மெருகு போடும்போது பொடியாகக் கொஞ்சம் போகும். அந்த இழப்பை வாடிக்கையாளர் ஏற்பார். இன்றைக்குப் பெரும்பாலான சங்கிலிகள் இயந்திரத்தில் வருகின்றன. பொடியாகப் போவதையும் சேகரித்து மீண்டும் உருக்கிவிடுகிறார்கள். ஆகவே சேதாரம் என்று பில்லில் இருப்பது பெரும்பாலும் கூலியும் கடையின் லாபமும் சேர்ந்ததுதான். அது தவறு என்று சொல்லவில்லை. கடை வாடகையும் ஆள் சம்பளமும் எங்கிருந்தாவது வர வேண்டும். ஆனால் அது பேசித் தீர்க்கக்கூடிய தொகை. அன்றைய தங்க விலையில் பேரம் பேச முடியாது, சேதாரத்தில் பேசலாம். நம் மக்கள் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிவிட்டு, மூன்று லட்ச ரூபாய் ஆரத்துக்குக் கடைக்காரர் தட்டிக் காட்டிய கால்குலேட்டரைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

'செய்கூலி இல்லை' என்று எழுதியிருந்தால் சேதாரம் எவ்வளவு என்று கேளுங்கள். 'சேதாரம் இல்லை' என்றிருந்தால் கூலி எவ்வளவு, கல்லுக்கு என்ன விலை என்று கேளுங்கள். ஒரு பக்கம் விட்டது இன்னொரு பக்கம் வந்து சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, மூன்று சதவீத ஜி.எஸ்.டி.யையும் போட்டு, வரும் மொத்தத் தொகையை நகையின் நிகர எடையால் வகுத்துப் பாருங்கள். இந்த நகையில் ஒரு கிராம் எனக்கு என்ன விலைக்கு வருகிறது என்ற அந்த ஒரு விடையை வைத்துத்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும்.

நிகர எடை என்றேனே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகளின் நெக்லஸை அடகு வைக்க வந்தார். பில்லில் 28 கிராம் என்று இருந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கற்கள், பின்புறம் அரக்கு. கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துப் பார்த்தபோது தங்கம் 24 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் தேறியது. அந்தக் கற்களைத் தங்கத்தின் விலைக்கு எடை போட்டு, அந்த எடைக்கும் சேதாரம் போட்டு, கடைசியில் கல்லுக்கென்று தனியாகவும் பணம் வாங்கியிருந்தார்கள். அந்த அம்மா பில்லை என்னிடம் நீட்டி, "இதில் 28 என்று இருக்கிறதே, ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்கள் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். விலையும் சேதாரமும் நிகர எடைக்கு மட்டும்தான். கல்லின் எடையை காரட்டில் எழுதியிருந்தால் ஐந்து காரட் ஒரு கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட் வேறு, கல்லை நிறுக்கும் காரட் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வரும்.

இனி நீங்கள் பார்க்கும் அந்த விலைக்கு வருகிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். லண்டன் சந்தையில் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம் தூய தங்கத்துக்கு டாலரில் விலை வைக்கிறார்கள். அதை அன்றைய ரூபாய் மதிப்புக்கு மாற்றி, இறக்குமதி வரியைச் சேர்த்தால் நம் ஊர் விலையின் அடிப்படை வந்துவிடும். அதை வைத்துச் சென்னையில் நகை வணிகர் சங்கம் காலையில் ஒரு விலை அறிவிக்கும். உலகச் சந்தை அதிகமாக ஆடினால் மாலையில் இன்னொரு முறையும் மாறும். அதனால் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும், ரூபாய் சரிந்தாலும், எங்காவது போர் மூண்டாலும் மன்னார்குடிக் கடையின் பலகையில் எண் மாறுகிறது. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் இறக்குமதி வரியைப் பதினைந்திலிருந்து ஆறு சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றே சென்னையில் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. முதல் நாள் வாங்கியவர் யாரும் கணிப்பில் தோற்றவர் அல்லர். அது யாருக்கும் தெரியாத செய்தி. மறுபக்கம், அப்போது இன்னும் இறங்கும் என்று காத்திருந்தவர்கள் 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தார்கள்.

தங்கம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதும் உண்மை அல்ல. 2011 செப்டம்பரில் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 டிசம்பரில் 1,050 டாலர் அளவுக்கு விழுந்தது. பழைய உச்சத்தைக் கடக்க 2020 வரை ஆனது. ஏழு மாதக் கெடு உள்ள உங்களுக்கு இந்த நீண்ட ஏற்ற இறக்கங்களால் பயன் இல்லை. மகளுக்குத் தையில் நகை வேண்டும். அதற்குள் பொதுவாக என்ன விலை இருக்கிறதோ அந்தச் சராசரிக்கு வாங்கினால் போதும் என்று மனத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. செல்பேசியில் எந்த விலையைப் பார்க்கிறீர்கள்? சில இடங்களில் 24 காரட் விலை வரும், சில இடங்களில் 10 கிராமுக்கு வரும். நகைக்கான 22 காரட் விலை 24 காரட் விலையை 24-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ கிடைக்கும். ஜி.எஸ்.டி. அதில் சேர்ந்திருக்காது. இரண்டு செயலிகளில் இரண்டு எண் பார்த்துத் தவித்தவர்கள் பலரை நான் அறிவேன்.

உங்களிடம் பணம் இப்போதே இருக்கிறதென்றால் மூன்றாகப் பிரித்து வாங்குங்கள். முதல் பகுதியை ஆடியிலேயே எடுக்கலாம். திருமணங்கள் இல்லாத மாதம், கடைகளில் கூட்டம் குறைவு, சேதாரம் பேச இடம் இருக்கும். காவிரிக் கரைக்காரர்களுக்கு ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே, அன்று எடுக்க வீட்டிலும் தடை சொல்ல மாட்டார்கள். இரண்டாவது பகுதி ஐப்பசியில், மூன்றாவது கார்த்திகைக் கடைசிக்குள். தை பிறந்தபின் கடைக்குப் போகாதீர்கள். முகூர்த்த அவசரத்தில் வருகிறவரிடம் யாரும் சேதாரம் குறைப்பதில்லை.

முதலில் எதை எடுப்பது என்பதும் முக்கியம். தாலிச் சங்கிலி, வளையல் போன்ற எளிய நகைகளை முதலில் எடுத்துவிடுங்கள். அவற்றில் சேதாரம் குறைவு, மாதிரி பழசாகிவிடும் என்ற கவலையும் இல்லை. மகள் பார்த்துப் பார்த்துத் தேர்வு செய்ய விரும்பும் ஆரத்தையும் நெக்லஸையும் பிறகு எடுங்கள். இப்போது நாணயமாக வாங்கி வைத்துப் பிறகு நகையாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாணயம் வாங்கும்போது மூன்று சதவீத வரி, அதைக் கொடுத்து நகை எடுக்கும்போது நகையின் முழு மதிப்புக்கும் மறுபடி மூன்று சதவீதம். ஒரே தங்கத்துக்கு இரண்டு முறை வரி கட்டியதாகும்.

விலை ஏறிவிடுமோ என்ற பயம் தாங்க முடியவில்லை என்றால், பல கடைகளில் முன்பதிவு வசதி இருக்கிறது. ஒரு பகுதிப் பணத்தைக் கட்டினால், பதிவு செய்த நாளின் விலை, நகை எடுக்கும் நாளின் விலை இரண்டில் குறைந்ததற்குத் தருவார்கள். எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் பணம் திரும்பி வருமா, சேதாரம் எத்தனை சதவீதம் என்பதையெல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சேதாரத்தை முடிவு செய்யாமல் விலையை மட்டும் பதிவு செய்தால் பயன் இல்லை. விலையில் காத்துக்கொண்டதைச் சேதாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

நகைச்சீட்டு உங்களுக்கு வேண்டாம். பெரும்பாலான சீட்டுகள் பதினொரு மாதம். நகைக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் தந்துவிட்டால்தான் கம்பெனிச் சட்டத்தில் அது வைப்புத்தொகை ஆகாது. அதனால்தான் அந்தக் கணக்கு. உங்களுக்கோ ஏழு மாதம்தான் இருக்கிறது, முதிர்வுச் சலுகை கிடைக்காது. அதோடு, வங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, கடையில் கட்டிய சீட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டியவருக்கு நல்ல பெயருள்ள கடையின் சீட்டு உதவும். கையில் பணம் உள்ள நீங்கள் அதைக் கடைக்காரருக்கு வட்டியில்லாமல் கொடுத்து வைக்க வேண்டியதில்லை.

தரத்தைப் பற்றி. 916, அதாவது நூறில் 91.6 பங்கு தங்கம், என்று பொறித்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 2023 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோணச் சின்னம், 22கே916 என்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண். அந்த எண் ஒவ்வொரு நகைக்கும் தனி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடி கேளுங்கள். அதைக் கடையில் வைத்திருப்பது அவர்கள் கடமை. பிறகு அந்த அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணை அங்கேயே போட்டுப் பாருங்கள். எந்த மையம் சோதித்தது, எந்தக் கடைக்காகச் சோதித்தது, என்ன தரம், என்ன வகை நகை என்று வரும். கையில் இருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்று சொன்னால் அந்த நகையைக் கீழே வைத்துவிடுங்கள். 'கேடிஎம்' என்று சொல்லி விற்றால் அது தர முத்திரை அல்ல. பற்றவைக்கக் காட்மியம் கலந்த முறைக்கு வைத்த பெயர் அது. அதன் புகை ஆசாரிகளின் உடலைக் கெடுத்ததால் கைவிடப்பட்ட முறை.

இவ்வளவுக்கும் மேல் சந்தேகம் இருந்தால் அரசு அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம். முத்திரையில் சொன்னதைவிடத் தரம் குறைந்திருந்தால், தரம் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2018-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பில் இல்லாமல் இதில் எதையும் கேட்க முடியாது. வரியில்லாமல் தருகிறேன் என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருபவரிடம் வாங்கினால் மூன்று சதவீதம் மிச்சப்படுத்தி முழு உரிமையையும் இழப்பீர்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கும்போது பான் எண் கேட்பார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. ஆகவே பணத்தை வங்கியில் வைத்திருங்கள்.

உங்கள் தம்பி சொல்லும் வெள்ளி. திருமணச் சீருக்குக் குத்துவிளக்கும் தட்டும் வாங்குங்கள், அது வேறு. முதலீடு என்று கட்டியாக வாங்குவதில் உங்கள் நிலைமையில் எனக்குச் சம்மதம் இல்லை. வெள்ளியில் பாதிக்கு மேல் சூரிய மின்தகடு, மின்னணுச் சாதனம் போன்ற தொழில்களுக்குப் போகிறது. தொழில் வளர்ந்தால் விலை பறக்கும், சுணங்கினால் விழும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது, இரண்டே மாதத்தில் பதினோரு டாலர் அளவுக்குச் சரிந்தது. 2011 ஏப்ரலில் மறுபடி அதே உயரத்தை நெருங்கி மறுபடி விழுந்தது. 2025 அக்டோபரில்தான் அந்தப் பழைய உச்சத்தைத் தெளிவாகக் கடந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள். தையில் செலவழிக்க வேண்டிய பணத்தை இப்படித் துள்ளுகிற பொருளில் போடக் கூடாது. தம்பிக்கு வசதியும் பொறுமையும் இருந்தால் அவர் வாங்கட்டும். கொலுசு, மெட்டி வாங்கும்போது தரம் என்ன என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் 1 முதல் எச்.யு.ஐ.டி. வந்திருக்கிறது; அது விருப்பத்தின் பேரில்தான் என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைக்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் காசுமாலை. உங்கள் கடிதத்தில் 'சும்மா இருக்கிறது' என்று எழுதியிருந்த அந்தச் சொல் என்னை வருத்தியது. அந்தக் காலத்தில் பற்றவைக்கப் பயன்படுத்திய பொடியில் செம்பு அதிகம். உருக்கினால் தரம் இறங்கும். 48 கிராம் மாலை உருக்கியபின் நூற்றுக்கு 86 டச், அதாவது நூறில் 86 பங்கு தூய தங்கம், வந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய 916 தங்கக் கணக்கில் அது 45 கிராம். அதைக் கொடுத்து, பதினைந்து சதவீதச் சேதாரமும் வரியும் சேர்த்துப் புதிய நகை எடுத்தால் கைக்கு வருவது சுமார் 38 கிராம். ஆறு பவுன் கொடுத்து நாலே முக்கால் பவுன் வாங்குகிறீர்கள். பழைய தங்கத்துக்குச் சில கடைகள் அன்றைய விலையில் கொஞ்சம் பிடித்தம் செய்வதை இதில் சேர்க்கவில்லை.

முதலில் அதை ஒரு நல்ல மதிப்பீட்டாளரிடம் கொடுத்து உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைகளில் எக்ஸ் கதிரால் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி மேற்பரப்பை மட்டும் படிக்கும். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறகு ஓர் ஆசாரியிடம் கொடுத்து, தேய்ந்த வளையங்களை மாற்றி, மெருகு போட்டு வாங்குங்கள். கூலி சில ஆயிரத்தில் முடியும். அந்த மாலையை மகள் திருமணத்தில் போட்டுக்கொண்டால், நீங்கள் புதிதாக எடுக்க வேண்டியது பதினைந்து அல்ல, ஒன்பது பவுன்தான். மீதி ஆறு பவுனுக்கான பணம் அவள் பெயரில் வங்கியில் இருக்கட்டும்.

மகளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பாட்டி போட்டது, இந்தக் காசுகளை அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்தாரா, சீராக வந்ததா, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி அவள் கழுத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் உருக்குவதற்கு முன் எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்த முன்னெச்சரிக்கையோடு மாற்றுவது, உருக்கும்போது கண்முன் எதையெதை எடை போட்டுப் பார்ப்பது என்று விரிவாகச் சொல்கிறேன்.